அலிப்பூரில் தொடங்கிய வழக்கு



அலிப்பூர் நீதிமன்றத்தைக் கடந்து நம்மில் அநேகர் அன்றாடம் வேலைக்குப் போய்வருகிறோம். நாடறிந்த ஒரு மருத்துவ வழக்கு 1998-ஆம் ஆண்டில் அங்கேதான் தொடங்கிற்று.

அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்திருந்த அனுராதா சாஹாவின் சரீரத்தில் அவ்வாண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் தடிப்புகள் தோன்றின. மே 7 அன்று பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர் டெப்போமெட்ரால் என்னும் ஸ்டீராய்டு ஊசியை 80 மில்லிகிராம் வீதம், நாளொன்றுக்கு இருமுறை போடும்படி எழுதிக்கொடுத்தார். ஒருமுறை போட்டால் பல நாட்கள் சரீரத்தில் தங்கி வேலைசெய்யும் ஊசி அது. மே 11 அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டும் தோல் உரிவது நிற்கவில்லை. மும்பைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மே 28 அன்று மரித்தார். வியாதியின் பெயர் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ். வெந்த புண்போல் தோல் கழன்றுபோகும் கொடிய வியாதி.

இவ்வியாதி பெரும்பாலும் மருந்தினால் வருவது. அதுவும் நாம் நன்கறிந்த மருந்துகளால்: சல்பா மாத்திரை, வலிப்புக்கான கார்பமசெபின், பெனிடாயின், யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால், சில வலிநிவாரணிகள். புதிய மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு கண் எரிச்சல், வாய்ப்புண், தொட்டால் வலிக்கும் தடிப்பு அல்லது கொப்புளம் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வேர்க்குரு என்றெண்ணிக் களிம்பு பூசிக் காத்திருக்க வேண்டாம். மொழி தெரியாத ஊரில் கடைக்காரர் எடுத்துக்கொடுத்ததை விழுங்குகிற நமக்கு, அந்த மாத்திரையின் பெயர்கூடத் தெரிவதில்லையே!

அனுராதாவின் கணவர் குணால் சாஹா தாமும் மருத்துவர். அலிப்பூர் நீதிமன்றம் 2002-ல் இரு மருத்துவர்களுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2004-ல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் 2006-ல் வழக்கைத் தள்ளிற்று. அவர் சோர்ந்துபோகவில்லை. 2009-ல் உச்சநீதிமன்றம் குற்றவழக்கில் விடுதலையை உறுதிசெய்தபோதிலும், சிகிச்சையில் கவனக்குறைவு உண்டென்று தீர்த்தது. 2013 அக்டோபரில் ஏறக்குறைய 6 கோடி ரூபாயும் அதற்கு வட்டியும் கொடுக்கக் கட்டளையிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வாமை வந்ததற்காக நீதிமன்றம் எவரையும் குற்றஞ்சாட்டவில்லை. வந்தபின் செய்த தவறான சிகிச்சைக்கே பொறுப்பாக்கிற்று. ஆகவே மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக மட்டும் வழக்காட முடியாது. முன்பே ஒவ்வாத மருந்தென்று சொல்லியும் எழுதிக்கொடுத்தார்களா, கொப்புளம் கண்டபின்னும் நிறுத்தச் சொல்லவில்லையா என்பவையே கேள்வி.

பணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் குடியிருக்கும் ஊரிலேயே, முறையிடலாம். முழுவதும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையானால் உரிமையியல் நீதிமன்றமே வழி. சிகிச்சைப் பதிவேடுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தரவேண்டுமென்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி. மருந்துச்சீட்டு, கடை ரசீது, மிஞ்சிய மாத்திரை அட்டை எதையும் எறிந்துவிடாதீர்கள். துக்க வீட்டில் முதலில் குப்பைக்குப் போவது அவைதான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு தவணை உண்டு.