ஆலோசகர் ஆயாக் கொட்டகைக்கும் வரட்டும்!

பிள்ளைகள் நலனுக்குத் தேசியத் திட்டம் தீட்ட மூத்த ஆலோசகரை அமர்த்துவது நல்ல காரியம்தான். சட்டத்துக்கும் நம் நாட்டில் பஞ்சமில்லை. 1995-இல் ஐ.நா. சிறுவர் உரிமை உடன்படிக்கையை ஏற்றோம். 2001-இல் சிறுவர் சட்டமும், 2009-இல் தேசியச் சிறுவர் கொள்கையும் வந்தன.

ஆனால், விடியுமுன் வேலைக்காட்டுக்குப் போகும் தாய் கைக்குழந்தையை எங்கே விடுவாள்? தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் அமைப்பது பற்றி 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் பேசுகிறது. அது தோட்டத்துக்குள் இருக்கும்வரைதான். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டம் கைமாறி, லயம் காலியானால், ஆயாக் கொட்டகையும் போச்சு! தாமானுக்குப் போன தாய் காசு கொடுத்துத்தானே பிள்ளையை விடணும்?

ஆகவே, ஆலோசகர் புத்ராஜெயாவோடு நின்றுவிடாமல் புக்கிட் ரோத்தானுக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கும் வரட்டும். நாமும் சும்மா இருக்கலாமா? எத்தனை பிள்ளைகள், யாருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்று கணக்கெடுத்து வைப்போம். அழுத பிள்ளைக்குத்தானே பால்!