கையெழுத்தும் தலையெழுத்தும்

"அவளாத்தானே வந்தா? நாங்க என்ன கையப் புடிச்சா இழுத்துட்டு வந்தோம்? இதோ பாருங்க, கையெழுத்து."

2012 மார்ச்சில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் தங்கச்சி போட்ட கையெழுத்துதான். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, பதினாறு வயதில் போட்டது. மூன்று வருடம் மில் விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று பேச்சு. சுமங்கலித் திட்டம் என்று பேர். மூன்று மாதம் பாக்கியிருக்கும்போது மூச்சிரைப்பு தாங்காமல் வெளியே வந்துவிட்டாள். அதனால் தொகை கிடையாது.

அன்று சாயங்காலம் மண்ணரைக்குத் திரும்பினேன். நொய்யல் நாற்றம் வீசுகிற எங்கள் லைன் வீட்டு வாசலில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். விசயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "என்ன பண்றது கண்ணு, அவ தலையெழுத்து அப்புடி."

ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள். மில்காரர் சொன்னது அவளுடைய சுயவிருப்பம். பெரியம்மா சொன்னது விதி. ஒன்றுக்கொன்று எதிரானவை என்றுதான் தத்துவப் புத்தகங்கள் சொல்லும். ஆனால் இரண்டும் செய்கிற வேலை ஒன்றே. இரண்டிலுமே மில் தப்பித்துக்கொள்கிறது.

இதைத்தான் நாம் பேச வேண்டும் என்கிறேன். விதி உண்டா, மனிதனுக்குச் சுதந்திரமான சித்தம் உண்டா என்று வெறுமனே வாதிடுவதில் எனக்கு அக்கறையில்லை. எந்தச் சொல்லை எவன், எந்த நேரத்தில், யார்மேல் பயன்படுத்துகிறான் என்பதே கேள்வி. நாம் பிறந்த வளவைப் பற்றிக் கேட்டால் விதி என்பான். நாம் போட்ட கையெழுத்தைப் பற்றிக் கேட்டால் விருப்பம் என்பான். அவன் சொத்தைப் பற்றிக் கேட்டால் உழைப்பு என்பான். திருப்பூர் முதலாளிகள் தங்கள் உயர்வுக்கு உழைப்பையே காரணமாகச் சொல்லிக்கொள்வதை ஆய்வாளர் சரத் சாரி 2004இல் வந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சரி, உழைத்தார்கள். என் தாத்தா உழைக்கவில்லையா? காங்கேயம் பக்கம் பண்ணாடி காட்டில் வருசம் முன்னூற்றறுபத்தஞ்சு நாளும் பண்ணையம் பார்த்தவருக்குக் கடைசியில் கிடைத்தது கடன். உழைப்பு அவர்களுக்கு மூலதனம் ஆகிறது, நமக்குத் தலையெழுத்து ஆகிறது. நடுவில் நிலமும் சாதியும் இருந்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எம்.ஏ. வகுப்பில் அறன் வலியுறுத்தல் அதிகாரத்தை நடத்தினார்கள். பல்லக்கில் ஏறிப்போகிறவனையும் அதைச் சுமக்கிறவனையும் பற்றிய குறள். அறத்தின் பயனை நூல் சொல்லி அறிய வேண்டாம், இந்த இரண்டு பேரைப் பார்த்தாலே தெரியும் என்பது பரிமேலழகர் உரையின் சாரம். அதாவது ஏறியிருப்பவன் போன பிறவியில் புண்ணியம் செய்தவன், சுமப்பவன் செய்யாதவன். இந்த இருவரையும் காட்டி அறத்தை அளக்காதே என்றும் அதே குறளுக்குப் பிற்காலத்தில் பொருள் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் பரிமேலழகர் மட்டும்தான். வகுப்பில் சுமப்பவனின் பேரன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது நடத்தியவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உரை மாறியிருக்காது.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்து, சளைக்காமல் முயல்கிறவன் ஊழையே புறங்காண்பான் என்று முடித்தார். நம்மிடம் முதலாவதைத்தான் ஓதினார்கள். இரண்டாவதை ஓதியபோதும் 'நீ முயலவில்லை, அதனால்தான் இப்படி இருக்கிறாய்' என்று நம்மேலேயே திருப்பினார்கள்.

அம்பேத்கர் இந்த முடிச்சை நேராகவே அவிழ்த்தார். அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், முற்பிறவிக் கர்மத்தால்தான் இப்பிறவித் துன்பம் என்ற கொள்கைக்கு என்ன நோக்கம் இருக்க முடியும் என்று கேட்கிறார். ஏழைகளின், தாழ்த்தப்பட்டவர்களின் நிலைக்கான பொறுப்பிலிருந்து அரசும் சமூகமும் தப்பிக்கத்தான் என்கிறார். கர்மத்தை வெறும் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போகவில்லை அவர். குற்றவாளி தப்பிக்க வைத்த ஏற்பாடு என்று கண்டுபிடித்தார். பகுத்தறிவு பேசி ஜாதகத்தைக் கிண்டல் செய்கிற நம் நண்பர்கள் இந்த இடத்துக்கு வந்து சேர்வதேயில்லை. ஜாதகத்தைக் கிழித்தவன்தான் மில்லில் ஒப்பந்தத் தாளை நீட்டினான்.

அந்தத் தாளுக்கு வருவோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். குற்றமான ஒரு வழக்கத்தைக் காட்டி, தகுதியில்லாத வயதில் ஒரு பிள்ளையிடம் கையெழுத்து வாங்கி, அதற்குச் சுமங்கலி என்று மங்கலமாகப் பேரும் வைத்தார்கள். பிறகு 'அவ விருப்பம்' என்றார்கள். வேறு வழி எதையும் விட்டுவைக்காமல் மிச்சமிருக்கும் ஒன்றை எடுக்கச் சொல்வதற்கா விருப்பம் என்று பேர்?

"அப்படியானால் எல்லாமே அமைப்பு, தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா தோழர்?" என்று கேட்பார்கள். இல்லை. 'எல்லாம் அமைப்பின் வேலை' என்பதும் கோட் சூட் போட்ட தலையெழுத்துதான். எவனுக்கு எத்தனை கதவு திறந்திருந்ததோ அவனுக்கு அத்தனை பங்கு பொறுப்பு. இது என் கணக்கு. மில்லுக்குப் பத்துக் கதவு இருந்தது. மாதச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்திருக்கலாம், வேலை நேரத்தைக் குறைத்திருக்கலாம், இருமியவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். தங்கச்சிக்கு ஒரு கதவு. எனக்கு?

சொல்கிறேன். 2009இல் அவளுக்காக அந்தத் தாளைப் படித்துப் பார்த்தவன் நான். வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன்தான். நடுவில் நின்றால் ஒன்றும் கிடைக்காது என்ற வரியைப் படித்தேன். சத்தமாகப் படிக்கவில்லை. தரகர் கொடுத்த முன்பணத்தில்தான் என் எம்.ஏ. முதல் வருடக் கட்டணம் கட்டப்பட்டது.

2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேல் மூடப்பட்டன. அப்பாவுக்கு வேலை போயிற்று. நொய்யலில் சாயத்தை விட்டவன் அப்பா இல்லை. பாசனத்துக்காக 1992இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணையைச் சாயத்தொட்டி ஆக்கியவனும் அவர் இல்லை. முதலில் பட்டினி கிடந்தவர் மட்டும் அவர். அந்த மாசியில் தங்கச்சி போனில் அழுதாள். "அண்ணா, என்னய வந்து கூட்டிட்டுப் போயிருண்ணா." நான் சொன்னேன்: "இன்னும் கொஞ்ச நாள்தானே அம்மணி, பல்லக் கடிச்சுக்கோ."

எனக்கு இரண்டு கதவு இருந்தது. ஒன்றைச் சாத்தினேன். அதை விதி என்று யாராவது சொன்னால் எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். அதனாலேயே அந்த ஆறுதலை ஏற்க மறுக்கிறேன். பண்ணையத்தை முறித்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூருக்கு ஓடிவந்த என் அப்பாவும் மகள் விசயத்தில் "தலையெழுத்து" என்றுதான் சொன்னார். தன் தலையெழுத்தைத் தானே அழித்தவர், மகளுக்கு அதையே எழுதிவிட்டார். எழுதும்போது பேனா எடுத்துக்கொடுத்தவன் நான்.

இப்படிச் சொல்வதால் மில்லின் பங்கு ஒரு பைசாகூடக் குறையாது. என் பங்கை நான் எடுத்துவைத்த பிறகு, உன் பங்கை எடு என்று மில்லிடம் கேட்கும் தைரியம் வருகிறது. அவ்வளவுதான்.

அந்தத் தைரியம் தனியாளுக்கு வருவதில்லை என்பதையும் பார்த்துவிட்டோம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டாள். அதே கம்பெனியின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பழையபடி அதுவும் 'அவ விதி' என்று முடிந்திருக்கும். தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் முடியவிடவில்லை. 2022 ஏப்ரலில், திருப்பூரைச் சேர்ந்த ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் அந்தச் சங்கத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. துணி வாங்குகிற எச் அண்ட் எம் நிறுவனமும், பிறகு கேப், பிவிஎச் நிறுவனங்களும் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டு கையெழுத்திட்டன. பாலியல் துன்புறுத்தலையும் சாதிப் பாகுபாட்டையும் எதிர்த்துப் புகார் செய்கிறவளைப் பழிவாங்கக் கூடாது, மீறினால் வியாபாரம் பாதிக்கும் என்பது அதில் எழுத்தில் இருந்தது.

இதுவும் கையெழுத்துதான். ஆனால் தங்கச்சி தனியாகப் போட்டாள், அவர்கள் கூட்டாகப் போட வைத்தார்கள். விருப்பம் என்பது மண்டைக்குள் ஒளிந்திருக்கும் பொருள் இல்லை. பக்கத்து மிசினில் இருப்பவளோடு சேரும்போது முளைக்கிற சங்கதி.

என் தங்கச்சி இப்போது மண்ணரையிலேயே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். மூச்சிரைப்பு அப்படியே இருக்கிறது. போன மாதம் இதை எழுதப்போவதாக அவளிடம் சொன்னேன். "எழுதுண்ணா" என்றாள். "ஆனா பாவம், தங்கச்சி தலையெழுத்துன்னு மட்டும் எழுதீராத. எந்தக் காசுக்கு என்னய அனுப்புனீங்கன்னும் எழுது."

எழுதிவிட்டேன் அம்மணி. மில்காரன் இன்னும் எழுதவில்லை.