பேறுகாலத் துணையும் நம் வீட்டுக் கௌரவமும்

பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் துணையாகக் கூலி கொடுத்து ஒரு பெண்ணை அமர்த்தலாமா என்ற கேள்வி இன்று நம் குடும்பங்களில் எழுந்துவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் கோலாலம்பூரிலும் குடியிருக்கும் நம் மக்கள் கேட்கிறார்கள். ஊரிலிருக்கும் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "பெற்ற உம்மா உயிரோடு இருக்கையில் ஊராள் எதற்கு?" என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆயினும் அதன் அடியில் கிடப்பது பாசமா, வீண் கௌரவமா என்பதை உரசிப் பார்க்காமல் விட நமக்கு மனமில்லை.

கூலித் துணை மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமை என்போர் தம் பாட்டிமார் காலத்தை மறந்தவர்கள். மருத்துவச்சி இல்லாமல் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது? பிள்ளையை ஏந்தியவளும், காலில் கிடத்திக் குளிப்பாட்டியவளும், தாய்க்கு வேது நீர் வார்த்தவளும் அவளே. மேல்நாட்டார் இன்று 'டூலா' என்கிறார்கள். பணிப்பெண் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அது; டானா ரஃபேல் என்ற மானிடவியல் அறிஞர் தாய்ப்பாலைப் பற்றி 1973இல் வெளியிட்ட நூலில், பிள்ளை பெற்றவளைத் தாங்கி நிற்கும் பெண்ணைக் குறிக்க இதனைக் கையாண்டார். பெயர் புதிது, ஆள் பழையவள்.

மார்க்கமேனும் இதனைத் தடுக்கிறதா? நபிகள் பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டிய அன்னை ஹலீமா, பனூ ஸஅத் கூட்டத்திலிருந்து ஊதியம் நாடி மக்கா வந்த செவிலித் தாயரில் ஒருவர். அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், உரிய கூலியை முறையாகக் கொடுத்துப் பிறரைக் கொண்டு பாலூட்டச் செய்வதில் குற்றமில்லை என்று தெளிவுறுத்துகிறது. மணவிலக்குப் பெற்றவள் தன் வயிற்றுப் பிள்ளைக்கே பாலூட்டினாலும் அவளுக்குக் கூலி உண்டு என்கிறது தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனம். தாய்ப்பாலுக்கே கூலியை ஒப்புக்கொண்ட மார்க்கம், சோறாக்கவும் துணி அலசவும் இரவில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கவும் ஒருத்திக்குக் கூலி கொடுப்பதையா இழிவென்று சொல்லும்?

அந்தக் காலத்து வீடு வேறு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண் மணமான பின்னும் தாய் வீட்டிலேயே இருப்பாள்; உம்மா, கண்ணும்மா, ராத்தா, மாமி என்று எட்டுக் கைகள் சுற்றி நிற்கும். ஒருத்தி காய மருந்து கிண்டுவாள், ஒருத்தி பால் சுரக்கப் பிள்ளைச்சுறாப் புட்டு அவிப்பாள், பெற்றவள் உறங்குவாள். இன்று மூன்றாம் மாடியில் இரண்டறை வீடு. கணவன் காலையில் போனால் இரவில் வருகிறான். முழங்கால் வலியோடும் சர்க்கரை நோயோடும் வருகைவிசாவில் விமானமேறி வரும் உம்மா ஒருத்தியே அந்த எட்டுக் கைகளின் வேலையையும் செய்ய வேண்டும்! பிரசவமும் பழைய பிரசவமன்று. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 அளவில் அறுவையால் நடந்தவை. வயிற்றைக் கிழித்துத் தைத்தவளைக் குனிந்து தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுக்கச் சொல்வதும், உம்மாவின் முதுகை ஒடிப்பதும் எந்தக் கௌரவத்தில் சேர்த்தி?

உடல் நோவாவது கண்ணுக்குத் தெரியும். காரணமின்றி அழுகிறாள், உண்ண மறுக்கிறாள், பிள்ளையைப் பார்க்கவே அஞ்சுகிறாள் என்றால், "பேய் பிடித்தது, ஓதிப் பார்ப்போம்" என்று முடித்துவிடுகிறோம். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு, பெரும்பாலும் சோர்வாகவே வெளிப்படும் மனநோய் காண்கிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. துஆ ஓதுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். உறக்கமின்மை இந்நோயை வளர்ப்பது. இரவில் நான்கு மணி நேரம் தொடர்ந்து அவளை உறங்கவைக்கும் ஒரு கை, எத்தனையோ உபதேசங்களை விட மேலானது.

நாற்பது நாள் என்கிறோம். ஹனஃபி மத்ஹபில் நிஃபாஸின் உச்ச வரம்பு 40 நாள், ஷாஃபியில் 60. அதற்கு முன்பே உதிரம் நின்றால் குளித்துத் தொழவேண்டியவள் அவள். வணக்கத்துக்கான இந்தச் சட்டத்தை, காற்றுப் புகாத அறையில் பூட்டித் தண்ணீரைக் கூட அளந்து கொடுக்கும் சிறைச் சட்டமாக்கியது நாமே. பாலூட்டுகிறவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது கொடுமை. ஓராண்டு நிறையாத பிள்ளைக்குத் தேன் ஆகாது. இவற்றைச் சொன்னால் மாமியார் கோபிப்பார். பயின்ற பேறுகாலத் துணை சொன்னால் ஒருவேளை கேட்பார்! (மருமகள் சொல்வதற்கும் மற்றவர் சொல்வதற்கும் நம் வீடுகளில் எடை வேறு.)

இனிப் பணத்துக்கு வருவோம். உண்மையான பிணக்கு இங்கேதான் இருக்கிறது. தலைப்பிரசவச் செலவு பெண் வீட்டார் தலையில் என்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது? ஐந்தாம் மாதச் சீர் முதல் தொட்டில், தங்கக் காப்பு வரை அவர்களிடம் கறந்துவிட்டு, துணைக்கு ஆள் வைக்கும் பேச்செடுத்தால் மட்டும் "வீண் செலவு" என்கிறோம். பாலூட்டும் தாயின் உணவும் உடையும் பிள்ளையின் தகப்பன் மீது கடமை என்று முன்சொன்ன அதே வசனம் விதிக்கிறது. பெயர் சூட்டு விருந்தில் இருநூறு பேருக்குப் பிரியாணி போடக் காசுள்ளவனுக்குத் தன் மனைவி நாற்பது நாள் உறங்கக் காசில்லையென்றால் நாம் நம்பத் தயாரில்லை. அகீகா சுன்னத்து, கூட்டம் சுன்னத்தன்று.

எல்லா வீட்டுக்கும் துணைப்பெண் வேண்டுமென்று நாம் வாதிக்கவில்லை. திடமுள்ள உம்மாவும் உதவும் தங்கையும் அருகிலிருந்தால், கணவன் விடுப்பெடுத்து அடுப்படிக்கு வரச் சம்மதித்தால், எதற்கு ஆள்? வசதியில்லாத குடும்பத்துக்கு உறவினர் முறைவைத்துச் சோறு கொண்டுவந்தாலே பெரும் உதவி. ஆனால் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் பெற்றவள். வருகிறவளைப் பார்த்து, பேசி, பிடித்தால் வைத்துக்கொள்ளும் உரிமை அவளுடையது. மாமியாரும் மச்சியும் கூடிப் பேசி அனுப்பிவைக்கும் ஆள் துணையாகாமல் வேவுக்காரியாகிவிடக்கூடும். வருகிறவள் மருத்துவரல்லள் என்பதும் நினைவிருக்கட்டும். உதிரம் மிகுந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ, கைவைத்தியம் பாராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அமர்த்துவதென்று தீர்மானித்தால் கூலியை முதல் நாளே பேசுங்கள். வேலை எத்தனை மணி நேரம், பாத்திரம் துலக்குவதும் வீட்டார் அனைவருக்கும் சமைப்பதும் அதில் சேருமா, அவள் உறங்கும் இடம் எது, வாரத்தில் ஓய்வு எப்போது என்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நம் பாட்டிமாரின் மருத்துவச்சி, தலைமுறைகளைக் கையில் ஏந்தியவள், படியரிசியும் பழஞ்சேலையும் வாங்கிக்கொண்டு கொல்லை வாசல் வழியே போனாள். இவள் தலைவாசல் வழியே வரட்டும். நம்மோடு ஒரே ஸஹனில் உண்ணட்டும். பேசிய கூலியைப் பேசிய நாளில் பெறட்டும்.