அடுத்த வீட்டுப் பாட்டியின் துப்பாக்கி

சென்ற வாரம் அமெரிக்காவில் ஒஹாயோவிலிருந்து என் சிநேகிதி டெலிபோனில் கூப்பிட்டாள். "அடுத்த வீட்டுப் பாட்டி துப்பாக்கி வாங்கியிருக்கிறாள், தெரியுமோ?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 76 வயதில் இது என்ன விபரீத ஆசை?

கதையைக் கேட்ட பிறகு ஆச்சரியம் போய் அனுதாபம் வந்தது. பாட்டியின் தகப்பனாரிடம் 'மார்லின் 39-ஏ' என்ற ரைபிள் இருந்ததாம். 1939-ல் வெளிவந்த மாடல் அது. விசைக்குக் கீழே வளையம் போல ஒரு லீவர். அதை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தானாக உள்ளே வந்து உட்காரும். தோட்டாவோ சின்னஞ்சிறியது. அதன் அடி விளிம்புக்குள்தான் பற்றவைக்கும் மருந்து. குதிரை விழுந்ததும் அந்த விளிம்பில் அடிபட்டு வெடிக்கும். சத்தமும் உதைப்பும் சொற்பம். ஆனால் விளையாட்டுச் சாமான் அல்ல. ஆளைக் கொல்லக் கூடியதுதான்.

அந்தத் துப்பாக்கியில்தான் பாட்டி சிறுமியாகக் குறி பார்க்கப் பழகினாள். பிறகு விளைச்சல் பொய்த்த ஒரு வருஷம் அப்பா அதை விற்றுவிட்டார். இத்தனை காலம் கழித்து, பழைய துப்பாக்கிக் கடையில் அதே மாதிரி ஒன்று கண்ணில் பட்டது. பாரம் எழுதிக் கொடுத்து, போலீஸ் வழக்கு ஏதும் இல்லையென்று விசாரித்த பிறகே கையில் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கண் ஏமாற்றிவிட்டது. பின் குறி, முன் குறி, இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. வயதான கண்ணுக்கு ஒன்று தெளிந்தால் மற்றது மங்கும். ஸ்கோப் என்னும் தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்தால் குறியும் இலக்கும் ஒரே தளத்தில் சேர்ந்து தெரியும். ஆனால் ஆரம்ப காலத்து மார்லினில் அதைப் பொருத்தத் துளைகள் இல்லை.

"துளை போட்டால் பழம்பொருள் மதிப்புப் போய்விடும், அம்மா. திரும்ப மூட முடியாது" என்றாராம் தொழிலாளி.

"விற்றதனால்தானே ஒரு தடவை இழந்தோம்! இனி யார் விற்கப் போகிறார்கள்? போடுங்கள்" என்றாளாம் பாட்டி.

போட்டாயிற்று. கண்ணாடி குதிரையை மறைப்பதால், விரலுக்கு எட்டப் பக்கவாட்டில் ஒரு சிறு காதும் வைத்தார்கள். 50 கஜத்துக்குக் குறியைச் சரி செய்தார்கள். பின்னால் மண்மேடு உள்ள இடத்தில், பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டி சுட்டதில் முதல் தகர டப்பா உருண்டதாம்.

கொக்கி ஒடிந்த என் மாமியாரின் அட்டிகை பல வருஷமாகப் பெட்டியில் தூங்குகிறது. "ஒட்டுப் போட்டால் தெரியும்" என்று ஆசாரி சொன்னதால் விட்டுவைத்திருந்தேன். நேற்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். தெரிந்தால் தெரியட்டும்!