தானாக ஓடும் பம்பா, கையால் அடிக்கும் பம்பா?

முதலில் ஒரு வாக்குமூலம். நான் படிப்பது பி.காம். பாய்மரப் படகில் இதுவரை கால் வைத்ததில்லை. 2013-ல் வந்த 'ஆல் இஸ் லாஸ்ட்' படத்தைப் போன வாரம் பார்த்ததிலிருந்துதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. இந்தியப் பெருங்கடலில் தனியாகப் போகும் ஒரு பெரியவரின் படகில் கண்டெய்னர் ஒன்று மோதி ஓட்டை போட்டுவிடும். ரேடியோ உட்பட மின்சாதனங்கள் எல்லாம் உப்புத் தண்ணீரில் காலி. மனுஷர் ஒரு கட்டையைச் சீவிக் கைப்பிடியாக்கி, பம்பை அடி அடியென்று அடிப்பார். அப்புறம் ரெண்டு நாள் இதைப் பற்றியே தேடித் தேடிப் படித்தேன்.

விஷயம் இதுதான். எந்தப் படகாக இருந்தாலும் அடிவயிற்றில் கொஞ்சம் தண்ணீர் சேரும். அதை வெளியேற்ற இரண்டு வழி. ஒன்று, மிதவை சுவிட்ச் வைத்த மின்சார பம்ப். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், மோட்டார் ஓடும். இன்னொன்று, நாமே அடிக்கும் கைப்பம்ப்.

தானியங்கிதான் வசதி, மறுக்கவில்லை. படகைத் துறையில் கட்டிவிட்டு ஊருக்குப் போனால், மழைத் தண்ணீரை இறைக்க யார் இருக்கிறார்கள்? அங்கே கைப்பம்ப் வெறும் அலங்காரப் பொருள்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 ஆம்பியர் இழுக்கும் பம்ப், 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும். ஆக, விடாமல் ஓடினால் சுமார் 16 மணி நேரம். அதன் பிறகு? அட்டையில் போட்டிருக்கும் 'மணிக்கு இத்தனை லிட்டர்' என்ற எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. தண்ணீரை மேலே தூக்கி, வளைந்து போகும் குழாய் வழியாகத் தள்ளும்போது அது நன்றாகவே குறைந்துவிடும்.

கைப்பம்ப் மட்டும் பெரிய சூரப்புலியா? அதுவும் இல்லை. ஒரு அடிக்கு ஒரு லிட்டர், நிமிடத்துக்கு 30 அடி என்றாலும் 30 லிட்டர்தான். நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே 4 செ.மீ. அகல ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். ஆக எந்த பம்பும் படகைக் காப்பாற்றாது. ஓட்டையை அடைக்கக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது வேறு. தானியங்கி பம்ப் கசிவை மறைத்துவிடும். எங்கள் வீட்டில் மேல்தொட்டிக்குத் தானியங்கி சுவிட்ச் போட்டபோது அம்மாவுக்கு ஏக சந்தோஷம். கழிவறைத் தொட்டி ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. தொட்டி எப்போதும் நிறைந்தே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கரண்ட் பில் வந்தபோதுதான் தெரிந்தது! வீட்டில் அது பில்லோடு போயிற்று. கடலில் பேட்டரி தீர்ந்த பிறகு தெரிந்தால் யாரிடம் போய் அழுவது? கையால் அடிப்பவனுக்கோ நேற்று 20 அடி, இன்று 60 அடி என்று தோளே கணக்குச் சொல்லிவிடும். ஆடிட்டிங் வகுப்பில் 'உள் கட்டுப்பாடு' என்று படிக்கிறோமே, அது இதுதான்.

வேர்ல்டு செய்லிங் அமைப்பின் ஆழ்கடல் பந்தய விதிகளும், நீண்ட தூரப் பந்தயங்களுக்கு நிரந்தரமாகப் பொருத்திய இரண்டு கைப்பம்புகள் கேட்கின்றன. ஒன்று மேல்தளத்திலிருந்து அடிக்க, ஒன்று உள்ளிருந்து அடிக்க. கூடவே 9 லிட்டர் வாளிகள் இரண்டு. பயந்துபோன மனிதன் கையில் இருக்கும் வாளியைவிடச் சிறந்த பம்ப் கிடையாது என்று மாலுமிகள் சொல்வது சும்மா இல்லை போலிருக்கிறது :)

என்னைக் கேட்டால், கடலுக்குள் போகிற படகுக்குக் கையில் இருக்கும் காசு ஒரு பம்புக்குத்தான் என்றால் முதலில் கைப்பம்ப். அதுவும் சுக்கான் பிடித்தபடியே எட்டும் இடத்தில், கைப்பிடியைக் கயிற்றில் கட்டி. அடுத்த காசில் தானியங்கி. ஆனால் எத்தனை முறை ஓடியது என்று எண்ணும் கருவியும் அலாரமும் இல்லாமல் அதை வாங்கவே வேண்டாம். வேலையை இயந்திரத்திடம் தாராளமாகக் கொடுக்கலாம். கணக்கு நம்மிடமே இருக்கட்டும்.