ஆறு எப்போது வருகிறது?

நீர்மின் திட்டக் கோப்பு மதிப்பீட்டுக்காக மேசைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் முதலில் புரட்டுவது நீர்வரத்து அட்டவணையை. எத்தனை ஆண்டுப் பதிவு, எந்த அளவீட்டு நிலையம், வறள்காலத்தில் எவ்வளவு வரத்து என்று பார்க்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த அட்டவணை பத்து நாள் சராசரிக் கணக்கு. மீனுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது சாலக்குடி ஆறு. ஒரு மார்ச் மாதம், வாழச்சாலுக்கு அருகே காலையில் முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்தேன். திரும்ப வந்தபோது அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர். மழை ஒரு துளி இல்லை. மேலே பெரிங்கல்குத்து மின்நிலையம் ஓடத் தொடங்கியிருந்தது. வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த காடர் பழங்குடிப் பெரியவர் ஒருவர், “கரண்டு வேணும்போதுதான் இங்க ஆறு வரும், சாரே” என்றார். அன்றைய சராசரியைக் கணக்கிட்டால் குறையொன்றும் தெரியாது. அந்தச் சராசரி அளவுக்குத் தண்ணீர் ஓடிய நேரம் அன்று அரிது.

அதிரப்பள்ளித் திட்டம் இந்த ஆற்றில்தான் முன்மொழியப்பட்டது. 163 மெகாவாட், அணை அருவிக்கு மேலே, மின்நிலையம் கீழே. 1998, 2005, 2007 என மூன்று முறை சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. முதல் இரண்டும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கான மாதவ் காட்கில் குழு, இதற்கு அனுமதி தரக்கூடாது என்று 2011-ல் பரிந்துரைத்தது. அருவிக்கு நொடிக்கு 7.65 கனமீட்டர் விடுவோம் என்பது திட்டத் தரப்பின் வாக்குறுதி. கோப்பைப் படிக்கிறவர் கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. இரவு இரண்டு மணிக்கும் அதே அளவு வருமா? எந்த இடத்தில் அளப்பார்கள்? மேலே ஏற்கெனவே அணைகளும், தமிழகத்துக்கான பரம்பிக்குளம்–ஆழியாறு திருப்பமும் இருக்கும் ஆற்றில், மிச்சமாக வருவதையே இயல்பான வரத்து என்று எடுத்துக்கொள்வதா?

கடைசிக் கேள்வியில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். அணைக்குக் கீழே விட வேண்டியது மழைக்காலத்தில் 30 விழுக்காடு, வறள்காலத்தில் 20 விழுக்காடு என்ற அளவுகோல் எல்லா அறிக்கையிலும் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதில் 20 விழுக்காடு என்று கேட்காமல் நானும் குறிப்பு எழுதியிருக்கிறேன். அது தவறு. அந்தத் தவறு இன்றும் ஓர் ஆற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அங்கே நீர்மின் உரிமம் 30 முதல் 50 ஆண்டுக்குத்தான். காலம் முடிந்தால் மீனையும் மின்சாரத்தையும் மறுபடி தராசில் வைக்க வேண்டும். கென்னபெக் ஆற்றின் எட்வர்ட்ஸ் அணைக்கு 1997-ல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து, உரிமையாளர் விரும்பாதபோதும் அகற்றச் சொன்னது கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம். 1999-ல் அணை உடைக்கப்பட்டது. நம் சுற்றுச்சூழல் அனுமதியின் செல்லுபடிக் காலமோ கட்டி முடிப்பதற்கானது. மின்நிலையம் ஓடத் தொடங்கியபின், இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கீழே விடும் நீரின் அளவை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படியொரு கட்டாயம் வேண்டும் என்று இந்த இதழ் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அதுவரை நம் கையில் இருப்பது நிபந்தனையின் வாசகம். ‘போதிய நீரோட்டம் பேணப்பட வேண்டும்’ என்று எழுதினால் யாரையும் எதற்கும் பொறுப்பாக்க முடியாது. எந்த மணியிலும் குறையக்கூடாத அளவு எவ்வளவு, அணைக்குக் கீழே எங்கே அளப்பது, பதிவை ஊர்மக்கள் எங்கே பார்க்கலாம் என்று எழுதுங்கள். முடிந்தால் கதவு வைக்காத திறப்பு ஒன்றை அணை வடிவமைப்பிலேயே கேளுங்கள். மூடுவதற்குக் கதவு இல்லாவிட்டால் தண்ணீர் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காது.

களப்பயணத்துக்கு ஜீப் கேட்கும்போது இரண்டு இரவுத் தங்கலும் சேர்த்துக் கேளுங்கள். பகல் பயணத்தில் நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறோம். மாலை மின்தேவை ஏறுவது அதற்குப் பிறகுதான்.