எடை காட்டாத பட்டினி

கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர் பரிசோதனைக்கு வந்தால் முதலில் எடை பார்க்கிறார்கள். போன மாதம் 62 கிலோ, இந்த மாதமும் 62 கிலோ என்றால் குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைக்கிறார்கள். அந்த 62 கிலோவில் வயிற்றில் கோத்த நீர் எத்தனை கிலோ என்று எவரும் கேட்பதில்லை. தோளும் தொடையும் கரையக் கரைய, வயிறும் காலும் வீங்கி அந்த இழப்பை மறைத்துவிடுகின்றன. உடல் பருமனால் கொழுப்புக் கல்லீரல் வந்து நோய் முற்றியவர்களிடம் இது இன்னும் ஏமாற்றும். பருத்த உடம்புக்குள் தசை வற்றிக்கிடக்கும்.

இது அபூர்வமான சிக்கல் அல்ல. ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, நோய் கட்டுக்குள் இருப்பவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கிறது. நீர்கோப்பு போன்ற சிக்கல்கள் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருக்கிறது.

பகலில் உண்டதில் ஒரு பங்கைச் சேமித்து இரவு முழுவதும் உடலுக்குச் சர்க்கரை வழங்குவது கல்லீரலின் வேலை. சுருங்கிய கல்லீரலில் அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு உடல் தன் கொழுப்பையும் தசையையுமே எரிக்கிறது. நலமாக உள்ளவர் இரண்டு, மூன்று நாள் பட்டினி கிடந்தால் என்ன ஆகுமோ, அது இந்த நோயாளிக்கு ஒரே இரவில் ஆகிறது. தசை போனால் வலு மட்டும் போவதில்லை. கல்லீரல் அகற்றத் தவறும் அம்மோனியாவின் ஒரு பகுதியைத் தசைதான் வாங்கிக்கொள்கிறது. அது கரைந்தால் மூளைக் குழப்பம் நெருங்கி வருகிறது.

ஆனால் நாம் செய்வது என்ன? புரதம் அம்மோனியாவாக மாறும், எனவே புரதத்தைக் குறை என்ற போதனை 1950களில் வேரூன்றியது. பார்சிலோனா மருத்துவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மூளைக் குழப்பத்தோடு சேர்க்கப்பட்டவர்களுக்கு வழக்கமான அளவு புரதம் கொடுத்தும் குழப்பம் கூடவில்லை. புரதம் குறைக்கப்பட்டவர்களின் உடலில்தான் புரதச் சிதைவு அதிகமாக இருந்தது. இன்றைய வழிகாட்டு நெறிகள் புரதத்தைக் குறைக்க வேண்டாம் என்றே சொல்கின்றன. நம் வீடுகளிலோ அந்தப் பழைய போதனையோடு மஞ்சள் காமாலைப் பத்தியமும் சேர்ந்துகொண்டது. முட்டை கூடாது, பருப்பு கூடாது, எண்ணெய் கூடாது. மிஞ்சுவது மோர்சாதமும் கஞ்சியும். அன்போடு பரிமாறப்படும் இந்தப் பட்டினியைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

கண்டறிவதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். வயிற்று ஸ்கேனில் தசையின் பரப்பை அளப்பது துல்லியமானதுதான். ஆனால் மேல்கைச் சுற்றளவை அளக்க ஒரு டேப்பும், கைப்பிடி வலுவை அளக்கும் சிறு கருவியும் தாலுகா மருத்துவமனையிலும் இருக்க முடியும். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் உருவான கேள்விப் பட்டியல், நீர்கோப்பையும் கணக்கில் கொண்டு, சில நிமிடங்களில் ஆபத்தைச் சொல்லிவிடும். இரத்த அல்புமினை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கல்லீரல் பழுதானாலே அது குறையும்.

சிகிச்சையின் பெரும்பகுதி அடுப்படியில் இருக்கிறது. நீரைக் கழித்த எடையில், கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான் என்பதை நினைத்தால், மோர்சாதம் எவ்வளவு பின்தங்கியது என்பது புரியும். பால், தயிர், பருப்பு, சுண்டல் போன்றவற்றின் புரதத்தை மூளைக் குழப்பம் வந்தவர்களும் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறார்கள். உப்பைக் குறைப்பது அவசியம்தான். ஆனால் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் குறைத்துச் சாப்பாட்டையே விட வைப்பது அதைவிடக் கெடுதல்.

எல்லாவற்றையும்விட எளியது, படுக்கும் முன் ஒரு சிற்றுணவு. இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் பாலும் போதும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஓராண்டு நடந்து 2008இல் வெளியான ஆய்வில், கூடுதல் ஊட்டத்தைப் பகலில் பெற்றவர்களைவிட இரவில் பெற்றவர்களுக்கே உடலில் புரதம் கூடியது. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பும் நோயாளியின் சீட்டில் மாத்திரைகளின் பெயரும் வேளையும் தெளிவாக இருக்கின்றன. சாப்பாட்டுக்கு மட்டும் ‘உப்பு குறைவாக’ என்ற ஒற்றை வரி. ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம், இரவு எத்தனை மணிக்கு என்ன உணவு என்பதையும் அதே சீட்டில் மருத்துவர்கள் எழுதித் தர வேண்டும். எழுதித் தராவிட்டால் நோயாளியின் வீட்டார் கேட்டு வாங்க வேண்டும்.